தேன்பாறையில் கடைசி டோக்கன்

தேன்பாறை அருவிக்குப் போகும் மலைப்பாதையில் குறுக்கே ஒரு சங்கிலி. அதற்கு மேலே வண்டி நிறுத்த ஒரே ஓர் இடம்தான் பாக்கி. கீழே நிற்பவை மூன்று வண்டிகள். கேட்டதுமே விடை சொல்லக் கை தூக்குகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எந்த வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

முதலில் சங்கிலி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். போன சீசனில் பாதையின் இரண்டு ஓரத்திலும் கார்களை நிறுத்தியிருந்தார்கள். அருவியில் வழுக்கி விழுந்த ஒருவரை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் நடுவே மாட்டிக்கொண்டது. அவர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த விதி இது: மேலே எத்தனை வண்டிக்கு இடமோ, அத்தனை டோக்கன். தீர்ந்துவிட்டால் ஆட்களைச் சங்கிலியருகே இறக்கிவிட்டு, வண்டி அடிவாரத்து மைதானத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே நெருக்கி நிறுத்துவதால், நகர்த்திக் கொடுக்க ஓட்டுகிறவர் வண்டியிலேயே இருக்க வேண்டும். நடந்து போகிறவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. பாதை ஏற்றம்தான், ஆனால் பக்கம்.

நல்ல விதி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் நம்மவர்களிடம் வண்டிக்கு இடமில்லை என்று சொல்லிப் பாருங்கள். அவர்களையே வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்ன மாதிரி முகம் மாறிவிடும்.

சங்கிலியைக் காத்து நின்றவர் செண்பகம், வனக்காவலர். சிபாரிசு, கெஞ்சல், செல்போனை நீட்டி "சார் பேசறாங்க" என்பது, எதற்கும் மசியாதவர். அன்று பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மேலேயிருந்து இறங்கி வரும் வண்டி எதையும் காணோம். அவர் கையில் மிச்சமிருந்தது ஒரே டோக்கன்.

வரிசையில் முதலாவது கார் திருச்சியிலிருந்து வந்திருந்தது. இளஞ்சேரன், அவர் மனைவி யாழினி. கார் வந்து நின்றபோது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது யாழினி. இறங்கி வந்து பேசியது இளஞ்சேரன். இருவரும் ஒன்றாக அருவிக்குப் போகவே இவ்வளவு தூரம் வந்தோம், டோக்கன் இல்லையென்றால் ஒருவர் குளிக்க, ஒருவர் கீழே காரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். "முதல்ல வந்தது நாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வரிசைக்கு மதிப்பில்லையென்றால் சங்கிலிக்கும் மதிப்பில்லை.

இரண்டாவது காரில் ஆசீரும் அவருடைய அப்பா தேவசகாயமும். பெரியவருக்குப் பக்கவாதம் வந்து போயிருந்தது. ஒரு கால் இழுத்துக்கொள்ளும். அந்த ஏற்றத்தில் பத்தடிகூட அவரால் நடக்க முடியாது. அருவித் தண்ணீர் தலையில் விழ வேண்டுமென்று ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார். "எனக்குக் குளிக்க வேண்டாம் மேடம். அப்பா மேல போயிட்டா போதும்" என்றார் ஆசீர்.

மூன்றாவது ஒரு வேன். ஆயத்த ஆடை கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் நிறைய பேர், ஓட்டுவதற்குக் கொம்பையா. பெண்கள் நடக்கத் தயார். அவர்களில் மூத்தவரான சண்முகக்கனி செண்பகத்திடம் வந்து பேசியது டிரைவருக்காக. கொம்பையா சீசன் தவறாமல் இந்த மலைக்கு ஆட்களை ஏற்றி வருகிறவர். ஒருமுறைகூட அருவியைப் பார்த்ததில்லை. முன்பெல்லாம் சாலையோரத்தில் வண்டிக்குக் காவல். விதி வந்த பிறகு மைதானத்தில் காவல். அருவி எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்டால், பயணிகள் பேசிக்கொண்டு வந்ததைத்தான் தன் கண்ணால் பார்த்தது போலச் சொல்வாராம். முதலாளி வேனை விற்றுவிட்டார். அடுத்த வாரம் முதல் கொம்பையாவுக்கு வடக்கே எங்கோ லாரி வேலை. இந்த மலைக்கு இதுதான் அவருடைய கடைசி நடை.

"அண்ணாச்சி வாய் திறந்து கேக்க மாட்டாவ. அதான் நாங்க கேக்கோம்" என்றார் சண்முகக்கனி.

"விடுங்கம்மா. நமக்கு இது புதுசா?" என்று கொம்பையா சாவியைத் திருகி வேனைப் பின்னால் எடுக்கப் பார்த்தார். அந்தக் குரலைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் என்னவோ போல இருந்திருக்கும்.

முதலில் வந்தவர், நடக்க முடியாதவர், ஒருநாளும் பார்க்காதவர். மூவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. டோக்கன் ஒன்று. அது யாருக்குப் போவது சரி?

என் விடை இது. வரிசையை மீறி செண்பகமே அதை வேனுக்குக் கொடுத்திருந்தால் தப்பு. முதலிடம் அந்தத் தம்பதியின் உரிமை. அதை விட்டுக்கொடுக்க அவர்களால்தான் முடியும். செண்பகம் மூன்று வண்டிக்கும் பொதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க வண்டிய மாத்தி ஓட்ட இன்னொரு ஆள் இருக்காங்களா?" இளஞ்சேரன் பதில் தேடுவதற்குள் யாழினி காரிலிருந்து இறங்கிவிட்டார். "நான் இருக்கேன். நீங்க குளிச்சிட்டு வாங்க, அப்புறம் மாத்திக்கலாம். டோக்கன் வேனுக்குப் போகட்டும்." மற்ற இரண்டு வண்டியிலும் மாற்று ஆள் இல்லை. ஆனால் ஆசீர் கேட்டது அப்பாவுக்காக மட்டும். அவரை ஏற்றிக்கொள்ள வேனில் இடமிருந்தது. எனவே ஒரே டோக்கனில் கொம்பையா, பெரியவர் இருவரும் மேலே போனார்கள். ஆசீர் காரைத் திருப்பிக்கொண்டு தனியாகக் கீழே இறங்கினார்.

மேலே பெண்கள் தங்கள் பக்கம் போய்விட்டார்கள். நடந்து வந்த இளஞ்சேரன் இன்னும் வந்து சேரவில்லை. ஆண்கள் பக்கத்தில் பெரியவரைப் பிடித்துக்கொள்ளக் கொம்பையாவை விட்டால் ஆளில்லை. பெரியவரை இடுப்போடு அணைத்தபடி கொம்பையா அருவிக்கடியில் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் தேவசகாயத்துக்குக் குளிரெடுத்தது. "போதும் தம்பி, வெளிய போயிருவோமா?" என்றார்.

"இன்னுங் கொஞ்சம் நில்லுங்கய்யா" என்றார் கொம்பையா.