கடலுக்கு வெட்டிய கதவு

அந்தக் கரையில் அப்போது ஊர் இல்லை. ஊர் வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் இருந்தது. அரசர் ஒரு துறைமுக நகரம் கேட்டிருந்தார். ஒரு பெரிய மணல்மேடு, அதன் பின்னால் உவர்நிலம், மேட்டின் அடியில் இருபது மீனவக் குடிசைகள். கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நகரத்தை வரைய வந்தவர் நிலந்தை அம்மை. அவரிடம் தொழில் கற்க வந்தவர் கொற்றன். மாணவருக்குத் தலை நரைத்திருந்தது. ஆசிரியைக்கு இன்னும் நரைக்கவில்லை. கொற்றன் மேட்டுநாட்டுக்காரர். அறுபது கிணறு தோண்டியவர். அதை ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது சொல்லிவிடுவார்.

வந்த முதல் நாளே கேட்டார்.

"அம்மையே, ஒரு நகரத்தை எங்கிருந்து தொடங்குவது?"

"நீங்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்?"

"கிணற்றிலிருந்து. இதில் என்ன சந்தேகம்? அடுத்த மாதம் முன்னூறு வேலையாட்கள் வருகிறார்கள். குடிக்க வேண்டாமா?"

"சரி, தோண்டுங்கள்."

கொற்றன் மேட்டின் அடியில் இடம் பார்த்தார். ஒரு கை ஆழத்திலேயே நீர் கசிந்தது. அள்ளிக் குடித்தார். இனித்தது. மேலேயே இப்படி என்றால் அடியில் எப்படி இருக்கும்! அவருடைய ஊரில் ஆழம் போகப் போகத்தான் நல்ல தண்ணீர். மணல் சரியாமல் பலகை கொடுத்து, நான்கு ஆள் ஆழத்துக்கு இறக்கினார். நீர் பொங்கிக்கொண்டு வந்தது. பகல் முழுக்க இறைத்தும் வற்றவில்லை.

மூன்றாம் நாள் லேசாகக் கரித்தது. நான்காம் நாள் வாயில் வைக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் காலை, குடிசைப் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். முன்னால் வந்தவள் பவளாயி. கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

"யாருய்யா இங்க கடலுக்குக் கதவு வெட்டினது?"

கொற்றன் நிமிர்ந்தார். "இது கிணறம்மா. அறுபது கிணறு தோண்டியவன் நான்."

"அதான் தெரியுதே. அறுபத்தொண்ணாவதுல எங்க பிள்ளைங்க வாயில உப்பு!"

குடத்தைச் சாய்த்து அவர் கையில் ஊற்றினாள். குடிசைகளுக்குப் பக்கத்து ஊற்றில் எடுத்த நீர். கொற்றன் நாக்கில் வைத்துப் பார்த்தார். அதுவும் கரித்தது.

"மேல நிக்கிறது மழைத்தண்ணி. அந்த மேடு புடிச்சு வச்சிருக்கு. அடியில படுத்துக் கிடக்கிறது கடல். நீரு போயி அதைக் குத்தி எழுப்பிவிட்டிருக்கீரு. தோளு வரைக்கும் கையை விட்டு எட்டுற ஆழத்துக்குக் கீழ இங்க எவனும் தோண்டமாட்டான்."

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!"

"நீரு கேட்டீரா?"

கொற்றன் ஆசிரியை பக்கம் திரும்பினார்.

"அம்மையே, உங்களுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் என்னைத் தோண்டச் சொன்னீர்களா?"

"எனக்கும் தெரியாது, கொற்றரே. தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். நானும் கேட்கவில்லை."

சொல்லிவிட்டு அவர் செருப்பைக் கழற்றினார். பவளாயியின் முன் போய் நின்றார்.

"என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க. நாங்க செய்யறோம்."

பவளாயி இதை எதிர்பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் சண்டை போடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

"மூடணும். எடுத்த மணலையே போட்டு மூடணும். மழை பெய்ஞ்சு உப்பை அமுக்குனா உண்டு. இல்லைன்னா நாங்க இருபது வீடும் வேற கரை பாக்கணும்."

"மழை வரைக்கும்?"

"மேட்டுக்கு வடக்க ரெண்டு ஊத்து தப்பிச்சிருக்கு. எங்களுக்கு அரைக் குடம்னா உங்களுக்கும் அரைக் குடம்."

கொற்றனுக்கு நம்ப முடியவில்லை. "எங்களுக்குமா?"

"தாகத்தோட வந்தவனைத் திட்டலாம். தண்ணி இல்லைன்னு சொல்ல முடியுமா?"

வேலையாட்களை வர வேண்டாம் என்று அம்மை ஆள் அனுப்பினார். கிணற்றைக் கொற்றனே மூடினார். ஆசிரியையும் கூடை தூக்கினார்.

மாலையில் இருவரும் வடக்கு ஊற்றுக்குப் போவார்கள். ஒருவர் அரைக் குடம் எடுத்தபின் நீர் ஊறும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். எடுத்து முடித்தவர் கடைசியாக ஒரு தேங்காய்ச் சிரட்டை நீரை அள்ளி மணலிலேயே ஊற்ற வேண்டும். அது அந்தப் பெண்களின் வழக்கம்.

"இருக்கிறதே அரைக் குடம். இதில் மண்ணுக்கு வேறா?" என்று கொற்றன் வாதாடினார். "ஒரு சிரட்டையை ஊற்றினால் ஊற்று நிறைந்துவிடுமா?"

"நிறையாது," என்றாள் பவளாயி.

"பிறகு எதற்கு?"

"வாங்கினோம்ல?"

ஒரு நாள் அமைச்சர் வந்தார். வரைபடத்தை விரிக்கச் சொன்னார். பயிற்சிக்காக முதலில் அதை வரைந்தவர் கொற்றன்; மணல்மேட்டை வெட்டிச் சமன்படுத்தி, அங்கே அரண்மனையை வைத்திருந்தார். இப்போது அரண்மனை உவர்நிலத்துப் பக்கம் போயிருந்தது. மேடு இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. குடிசைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"இது என்ன கூத்து? உயரமான இடம், காற்று வரும் இடம். அதைச் சும்மா விட்டுவிட்டு அரசரை உப்பில் உட்கார வைப்பதா?"

"மேட்டை வெட்டினால் தண்ணீர் போய்விடும், ஐயா," என்றார் அம்மை.

"மீன்காரிகள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நகரம் கட்டுகிறீர்களா? குடிசைகளை எடுத்துவிட்டு இன்னும் நான்கு கிணறு தோண்டுங்கள்."

அம்மை வாய் திறப்பதற்குள் கொற்றன் முன்னால் வந்துவிட்டார்.

"தோண்டினேன், ஐயா. நான்கு ஆள் ஆழம். என் அறிவு உப்பாகத்தான் வந்தது. நாங்கள் குடித்துக்கொண்டிருப்பது அவர்கள் கொடுக்கும் தண்ணீர். இப்போது நீங்கள் குடித்தீர்களே, அதுவும்."

அமைச்சர் கையிலிருந்த செம்பைப் பார்த்தார். அதைக் கீழே வைத்தார்.

"மழைக்குப் பிறகு வருகிறேன். அப்போதும் தண்ணீர் உப்பாக இருந்தால், இந்த வரைபடத்தையும் பார்க்க மாட்டேன், உங்களையும் பார்க்க மாட்டேன்."

மழை இருபது நாள் தள்ளி வந்தது. வந்தபின் விடாமல் பெய்தது. ஒன்பதாம் நாள் வெயில் அடித்தபோது பவளாயி மூடிய கிணற்றுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். கையாலேயே மணலைத் தோண்டினாள். முழங்கை போனது, தோள் போனது. அங்கே நிறுத்தினாள். நீர் மெல்லக் கசிந்து தெளிந்தது.

சிரட்டையில் முகந்து முதலில் கொற்றனிடம்தான் நீட்டினாள்.

"குடியும். கெடுத்தவரு நீரு. நீரே சொல்லும்."

கொற்றன் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார். பவளாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிக்கிறதம்மா," என்றார்.

பெண்கள் குடங்களை எடுக்க ஓடினார்கள். கொற்றன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆசிரியை பக்கம் திரும்பினார்.

"அம்மையே, இனி வேலையாட்களை வரச் சொல்லலாம். ஆனால் முதல் நாள் நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு நகரத்தை எங்கிருந்து தொடங்குவது?"

நிலந்தை அம்மை அவர் கையைப் பார்த்தார்.

"சிரட்டையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கொற்றரே."

கொற்றன் குனிந்து அதை மணலில் ஊற்றினார்.