முள்வேலிக்குள் நின்ற புல்

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே! உங்கள் ஊருக்கும் என் ஊருக்கும் பெயர் வைக்காத காலத்தில் வீரகேது என்றொரு ராஜா இருந்தான். அவன் நாட்டில் ஓர் அகன்ற ஆறு. ஆற்றின் நடுவே ஒரு தீவு. தீவு முழுக்கப் புள்ளிமான்கள்.

ராஜாவுக்கு மான்கள் என்றால் உயிர். ஒருநாள் சிறுத்தை ஒரு குட்டியைக் கவ்விப் போவதைப் பார்த்துவிட்டான். மனம் பொறுக்கவில்லை. தீவிலிருந்த சிறுத்தைகளையெல்லாம் கூண்டு வைத்துப் பிடித்து, அக்கரைக் காட்டில் விடச் சொன்னான்.

முதல் வருஷம் மான்கள் பெருகின. இரண்டாம் வருஷம் இன்னும் பெருகின. மூன்றாம் வருஷம் எங்கே பார்த்தாலும் மான். அரண்மனையில் விருந்து வைத்துக் கொண்டாடினார்கள்.

விருந்துக்கு நடுவே தீவின் காவல்காரி பூவாத்தாள் வந்து நின்றாள். முன்பு இரண்டு தடவை வந்தவளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"மகாராஜா, பாதி மான்களை அக்கரைக்கு அனுப்புங்கள். சிறுத்தைகளைத் திரும்ப விடுங்கள். இல்லாவிட்டால் இந்தக் கோடையில் மான்கள் கூட்டங்கூட்டமாகச் சாகும்" என்றாள்.

சபை சிரித்தது. ராஜாவுக்குக் கோபம் வந்தது. "என் மான்களைச் சிறுத்தைக்குக் கொடுக்கச் சொல்கிறாயா? உன் பேச்சு பொய்யானால் இந்த நாட்டில் உனக்கு இடமில்லை!"

"சரி மகாராஜா. ஒரே ஒரு தரம் வந்து பாருங்கள்."

மறுநாள் ராஜா சபையாரோடு படகேறிப் போனான். மரங்களில் மானுக்கு எட்டும் உயரம்வரை ஓர் இலைகூட இல்லை. கால் வைத்த இடமெல்லாம் புழுதி பறந்தது. குட்டி போட்ட மான்களின் விலா எலும்பு தோலை முட்டிக்கொண்டு தெரிந்தது.

தீவின் நடுவே ஒரு முள்வேலி. சிறுத்தைகள் போன மறுநாளே பூவாத்தாள் தன் கையால் அடைத்தது. அதற்குள் மட்டும் புல் இடுப்பளவு நின்றது. முகமெல்லாம் ரத்தம் வழிய, ஒரு தாய்மான் முள்ளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது.

ராஜா பதறினான். "வேலியைப் பிரி! தின்னட்டும்!"

பிரித்தாள். நாலா பக்கமிருந்தும் மான்கள் ஓடிவந்தன. ராஜா மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் புல் தீர்ந்தது. மான்கள் வெறுந்தரையை முகர்ந்தபடி நின்றன.

"மூன்று வருஷத்துப் புல்" என்றாள் பூவாத்தாள். "இவை பிறந்ததைப் பார்த்தவள் நான். எனக்கு மட்டும் வலிக்காதா, மகாராஜா?"

ராஜா அத்தனை பேர் பார்க்கத் தலைப்பாகையைக் கழற்றினான். "தப்பு என்னுடையது, அம்மா. இனி இந்தத் தீவில் உன் சொல்தான்."

நூறு படகுகள் வந்தன. ஏழு நாள் மான்களை அக்கரைக்குக் கடத்தினார்கள். ராஜாவும் துடுப்புப் போட்டான். அப்படியும் அந்தக் கோடையில் பல மான்கள் மடிந்தன. கடைசியாக இரண்டு சிறுத்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அன்று ராஜா சாப்பிடவில்லை.

மழை வந்தது. புல் முளைத்தது. அதன்பின் மான்கள் ஒரு வருஷம் கொஞ்சம் கூடின, ஒரு வருஷம் கொஞ்சம் குறைந்தன. பட்டினியால் மட்டும் ஒன்றும் சாகவில்லை. ஊரைவிட்டுப் போகவும் துணிந்து உண்மை சொன்ன பூவாத்தாளையும், அதைக் கேட்டுத் தலை தாழ்த்திய ராஜாவையும் அந்த நாடு வெகுகாலம் கொண்டாடியது.

ஓர் இடம் எத்தனை உயிரைத் தாங்குமோ அந்த அளவை அறிந்து நடப்பதே அவ்வுயிர்கள்மேல் வைக்கும் மெய்யான அன்பு.