துடுப்பி தூக்கிய கால்

ஏரி வற்றிப்போன ஒரு கோடையில் காட்டுக்குத் தலைவர் தேர்தல் வந்தது.

அந்தக் காட்டில் வாக்குச் சீட்டெல்லாம் கிடையாது. ஏரிக்கரைச் சேற்றில் வேட்பாளர்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். பிடித்தவர் முன்னால் போய்க் காலை அழுத்தித் தடம் பதிக்க வேண்டும். வரிசையை யாரும் தாண்டக் கூடாது. கடைசியில் அதிகாரி யானை தடங்களை எண்ணிச் சொல்லும்.

துடுப்பி என்ற இளம் நீர்நாய்க்கு இதுதான் முதல் தேர்தல். ஏரி நிரம்பாவிட்டால் அவள் குடும்பம் காட்டைவிட்டே போக வேண்டும். மீன் இல்லாத இடத்தில் நீர்நாய் என்ன செய்யும்? காய்ந்த நண்டு ஓட்டை எத்தனை நாள் நக்கிக்கொண்டிருப்பது?

"யாருக்குப்பா பதிக்கிறது?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"மயிலுக்குத்தான். நம்ம வம்சமே மயிலுக்குத்தான்."

"ஏன்?"

"எங்கப்பா மயிலுக்குத்தான் பதிச்சார்."

துடுப்பி பதவியில் இருந்துகொண்டே மறுபடி போட்டியிட்ட கரடியிடம் போனாள்.

"மரத்துக்கு மரம் தேன்!" என்றது கரடி.

"தேன் வேண்டாம் ஐயா. ஏரிக்குத் தண்ணி வர்ற ஆத்துக் கால்வாயை ஒரு மரம் விழுந்து அடைச்சிருக்கே, அதை எடுப்பீங்களா?"

"அது லேசுப்பட்ட வேலையா? ரெண்டு தலைமுறை ஆகும்மா."

மயிலிடம் கேட்டாள். "நான் ஆடினா மழையே வரும், கால்வாய் எதுக்கு?" என்றது மயில்.

"இப்பவே ஆடுங்களேன்."

"இப்பவா? ஜெயிச்ச பிறகு பார்க்கலாம்."

அவளுடைய தோழி முள்ளம்பன்றியோ கொட்டாவி விட்டது. "ரெண்டும் ஒரே குட்டையில ஊறினதுதான். நான் வரல, தூங்கப்போறேன்." தோழி சொல்வதுதான் சரியோ என்று துடுப்பிக்கும் சந்தேகம் வந்தது. ஆனாலும் தேர்தலன்று காலையில் வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

யானை தரையை மிதித்துப் பார்த்தது. பாறை மாதிரி இருந்தது தரை. "என் காலே பதியல. சேறு இல்லாம தேர்தல் கிடையாது" என்று அறிவித்தது.

தேர்தல் இல்லாவிட்டால் கரடிக்கும் மயிலுக்கும் பதவி ஏது? இரண்டும் கால்வாய்க்கு ஓடின. கரடி மரத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தது. மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு மண்ணைப் பறித்தது. இரண்டு தலைமுறை வேலை உச்சிவெயிலுக்குள் முடிந்து, தண்ணீர் சலசலவென்று வந்தது. தரை நனைந்ததுமே கரடி ஒரு பாறையை உருட்டிக் கால்வாயை மறுபடி அடைத்துவிட்டது.

"சேறாச்சுல்ல? போதும், பதிங்க" என்றது.

துடுப்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலைத் தூக்கியவள் கீழே வைக்கவில்லை.

"மறுபடி ஏன் அடைச்சீங்க?"

"தேர்தல் முடியட்டும், ஒரு குழு போட்டு யோசிப்போம். நீ காலை வை தாயி."

"தண்ணி வரட்டும், வைக்கிறேன்."

அவளுக்குப் பின்னால் காடே காத்து நின்றது. வெயில் கொளுத்தியது. சேறு ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது. மயில் கெஞ்சியது. கரடி தரையைப் பார்த்தது, சூரியனைப் பார்த்தது, தூக்கிய காலைப் பார்த்தது. பிறகு ஓடிப்போய்ப் பாறையைப் புரட்டித் தள்ளியது.

தண்ணீர் புரண்டு வந்தது. ஏரி நிறைந்து வாக்குச்சாவடியே மூழ்கிப்போனது. மயில் தொப்பலாக நனைந்து கரையேறியது. துடுப்பி அழுதுகொண்டே நீந்தினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

"நாளைக்குப் புதுக் கரையில தேர்தல்" என்றது யானை.

மறுநாள் வரிசையில் துடுப்பியின் அப்பா முதலில் நின்றார். மயில் உரிமையோடு சிரித்தது. அவர் காலைத் தூக்கினார். தூக்கியது தூக்கியபடியே நின்றது.

"அடுத்த கோடைக்குள்ள கால்வாயை யார் தூர் வாருவீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க."

அவருக்குப் பின்னால் தூக்கக் கலக்கத்தோடு முள்ளம்பன்றியும் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தது. அதற்குப் பின்னால் மான், முயல், எருமை, எல்லாமே அப்படித்தான் நின்றன. கரடியும் மயிலும் ஒன்றையொன்று பார்த்துவிட்டுக் கால்வாய்ப் பக்கம் திரும்பின.

கேட்க வேண்டியதை வாக்குப் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், போட்ட பிறகு கேட்டால் தலைவர்கள் காதில் விழாது.