ஷேக் இமாமின் பட்டாளம்

கும்பெனியார் ஆண்ட காலம். கடலுக்கு அப்பால் ஒரு சண்டை முடியவில்லை. அதற்குள் வடக்கே இன்னொரு சண்டை மூண்டுவிட்டது. இரண்டுக்கும் போதுமான அதிகாரிகள் இல்லை. இங்கே இருப்பவரை அங்கே மாற்றினார்கள், அங்கே இருப்பவரை வேறெங்கோ அனுப்பினார்கள்.

பரங்கிமலைச் சாலையில் அம்மணியம்மை தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தாள். சுபேதார் ரங்கப்ப நாயுடு அவளைவிட மூத்தவர். ஆனாலும் அவள்தான் அவருக்குக் குரு.

அன்று உச்சிவெயிலில் வந்தவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன நாயுடு, மீசை தொங்குது?"

"வேலையை விடப்போறேன், அம்மா. துரைகிட்ட சொல்லத்தான் போறேன்."

"நாளைக்குக் கப்பல்னு சொன்னாங்களே?"

"அதுக்குள்ளே விடணும். இந்த ஆட்களை நான் எப்படிச் சண்டைக்குக் கூட்டிட்டுப் போவேன்?"

அவருடைய பல்லாரிப் பட்டாளம் வடக்கே போய்விட்டது. அவரை மட்டும் பிரித்து வேலூர்ப் பட்டாளத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதன் சுபேதார் ஷேக் இமாமை முன்பே கடல் கடந்து அனுப்பியிருந்தார்கள். போன இடத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டார்.

"பாலாற்றங்கரையில தங்கினோம். குடிக்கத் தண்ணி கொண்டுவந்தாங்க. எப்பவும் போல நான் முதல்ல குடிச்சேன். அத்தனை பேரும் செம்பைக் கீழே வெச்சுட்டாங்க."

"ஏன் முதல்ல குடிச்சீங்க?"

"முன்னே ஒரு தடவை கெட்ட கிணத்துத் தண்ணியில எங்க ஆட்களைப் பறிகொடுத்தோம். அதிலேருந்து நான் குடிச்சுப் பார்த்த பிறகுதான் மத்தவங்களுக்கு. பல்லாரி ஆட்களுக்கு அது தெரியும். இவங்க என்னைத் தன் வயித்தை மட்டும் பார்க்கிறவன்னு நினைக்கிறாங்க. ஷேக் இமாம் கடைசி ஆள் குடிச்ச பிறகுதான் வாய் நனைப்பாராம். ஹவில்தார் சொன்னான், முகத்தைத் திருப்பிக்கிட்டு."

"உங்க காரணத்தை நீங்க சொன்னீங்களா?"

"சுபேதார் போய்க் காரணம் சொல்றதா?"

"நல்ல ரோஷம். யாராவது ஓடிப்போனாங்களா?"

"இல்லை."

"நடையில பின்தங்கினாங்களா?"

"ஒருத்தன்கூட இல்லை. பேசமாட்டாங்களே தவிர, சொன்ன வேலையைச் செய்வாங்க. காலில் புண்ணானவனைத் தோளில் தூக்கிட்டு வந்தாங்க. நல்ல பிள்ளைங்க."

"யார் வளர்த்தது?"

"ஷேக் இமாம்தான், வேற யாரு?"

அம்மணியம்மை ஒரு வண்டிக்காரனுக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு வந்தாள்.

"உங்க பல்லாரிப் பட்டாளத்துக்கு இப்போ யார் சுபேதார்?"

"திருச்சிராப்பள்ளியிலேருந்து யாரோ. பேர்கூடத் தெரியாது."

"அவர் முதல்ல குடிப்பாரா, கடைசியிலயா?"

நாயுடு திடுக்கிட்டார். "அவர் குடிக்காம எங்க ஆட்கள் தொடமாட்டாங்களே! பிடிவாதக்காரப் பசங்க. வெயில்ல நாக்கு வறண்டு நிப்பாங்க."

"அதுக்கு அவர் என்ன செய்யணும்?"

"ஏன்னு கேக்கணும். நம்ம ஆள் எவனாவது சொல்வான். சொன்னா, ஒரு வாய் முதல்ல குடிச்சிட்டுப் போகட்டுமே."

"முகம் தெரியாத உங்களுக்காகவா?"

"எனக்காக இல்லாட்டியும் அந்தப் பிள்ளைங்களுக்காக. அப்படி மட்டும் அவர் செஞ்சா, உயிருள்ள வரைக்கும் அவரைக் கும்பிடுவேன், அம்மா."

அவள் அவரையே பார்த்தாள்.

நாயுடு ஷேக் இமாமின் பெயரைச் சொல்லி, இரு கைகளையும் நெற்றிக்குக் கொண்டுபோனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைப்பாகையைக் கட்டினார். துரையின் பங்களா பக்கம் போகாமல் பட்டாளம் தங்கியிருந்த பக்கம் திரும்பினார்.

நாலடி போனவர் நின்றார்.

"அம்மா, இனி கடைசியிலேயே குடிக்கிறேன். ஆனா தண்ணி கெட்டதா இருந்தா?"

"முதல்ல வாயில வெச்சுப் பாருங்க, ரங்கப்பர் மாதிரி. துப்பிடுங்க. தாகம் மட்டும் ஷேக் இமாம் மாதிரி காத்திருக்கட்டும்."