தலைவர் காதில் வாத்து

ஒரே ஒரு ஊரிலே, ரேடியோவிலே ஒருத்தரோடொருத்தர் பேசிப் பொழுதுபோக்கும் ஹாம் ரேடியோ சங்கம் ஒன்று இருந்ததாம். அதன் தலைவர் பரமானந்தம், பழுது பார்க்கும் அஞ்சுகத்தைச் சபை நடுவே கூப்பிட்டார்.

"என் ரேடியோவுல எல்லாப் பயலும் வாத்து மாதிரி கத்துறான். அத்தனை ரேடியோவையும் என் ரேடியோவுக்குச் சரியாத் திருத்து. முடியலேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

அஞ்சுகம் அவருடைய ரேடியோவைத் திருகிக் காதைக் கொடுத்தாள். பிறகு ஒரு தாளில் ஏதோ எழுதி நீட்டினாள்.

"திருத்திடலாங்கய்யா. முதல்ல இந்தப் புகார்ல கையெழுத்துப் போடுங்க."

"யார் மேல?"

"உலகத்துக்கே அலைவரிசை அளவு சொல்ற நிலையத்து மேலதான். பத்து மெகாஹெர்ட்ஸ்ல வரவேண்டியவங்க, உங்க ரேடியோவுல ரெண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளி வர்றாங்க. அப்படித் தள்ளிக் கேட்டா யார் குரலும் வாத்துக் குரல்தான். அவங்களையும் திருத்திடுவோம்."

பின்வரிசையில் யாரோ வாத்து மாதிரியே கத்தினார்.

தலைவர் தன் ரேடியோவை அவள் பக்கம் தள்ளிவிட்டு நடையைக் கட்டினார்.