ராஜாவின் நெஞ்சுக்குழி வலியும் திரைக்கு வெளியே நீண்ட மூன்று கைகளும்

ஆறு இன்றைக்கு ஓடும் பக்கம் திரும்பாத அந்தப் பழைய நாளில், தேக்கஞ்சேரி என்ற நாட்டைப் பூபதிராயன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்ல ராஜாதான். ஆனால் அவன் பருத்துவிட்டான் என்று மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிசூட்டிக்கொண்ட நாளில் கட்டிய பொன் இடைக்கச்சையைத்தான் இன்றும் கட்டுவான். ஆளுக்கொரு முனையாகச் சேவகர்கள் இழுப்பார்கள், ராஜா மூச்சைப் பிடிப்பான், எப்படியோ கொக்கி மாட்டும். "பார்த்தீர்களா, இளவரசனாக இருந்தபோது இருந்த இடுப்பு!" என்பான். சபை கைதட்டும்.

ஒருநாள் விருந்து முடிந்து எழுந்தவன் நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டு "ஐயோ!" என்று உட்கார்ந்துவிட்டான். விலாவுக்குக் கீழே குத்தல், எரிச்சல், புளித்த ஏப்பம். மறுநாளும் அதே கதை. காலையில் குளிக்கும்போது மட்டும் வழக்கம்போல உரக்கப் பாடினான்.

அரண்மனை வைத்தியர் பிணிதீர்த்தார் பண்டிதர் நாடி பிடித்தார். கண்ணை மூடினார். "மகாராஜா, இது மெல்லக் கொல்லும் விஷம். சமையற்காரி காத்தாயியின் கைவேலை. அவளை மடைப்பள்ளியில் சேர்த்துவிட்டது யார் என்பதையும் சபை யோசிக்கட்டும்."

சேர்த்துவிட்டது அமைச்சர் உலகம்மை. தகப்பனார் காலமானதும் அவருடைய இருக்கைக்கு வந்த இளம்பெண். அந்த இருக்கையின் மேல் பண்டிதருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"நாளை காலை காத்தாயி யானைக் காலடிக்கு!" என்று ராஜா உறுமினான்.

உலகம்மைக்கு உச்சந்தலை வரை கோபம் சுர்ரென்று ஏறியது. போன மாதம் அரசியார் இதே இடத்தில் இதே வலி என்று சொன்னபோது, பண்டிதர் வாசலில் நின்றபடியே சிரித்துவிட்டுப் போனவர். "தாய்வீட்டு நினைப்பு, வேறொன்றுமில்லை" என்றாராம். அரசியாருக்கு வந்தால் நினைப்பு, ராஜாவுக்கு வந்தால் விஷமா? என்ன நியாயம் இது?

"மகாராஜா, ஒரு சோதனை வைக்கலாமா?" என்றாள். "திரைக்குப் பின்னால் மூன்று நோயாளிகள். மூவருக்கும் ஒரே வலி. பண்டிதர் நாடி பார்த்து நோய் சொல்லட்டும். அவர் சொல்வது சரியென்றால் காத்தாயியோடு நானும் யானைக்குப் போகிறேன்."

"யானை பாவம், அம்மா," என்றார் பண்டிதர். "இவ்வளவு பெரிய வாயை மிதிக்க அதற்குக் கால் வலிக்கும்."

சபை சிரித்தது. உலகம்மையும் சிரித்தாள். பிறகு ராஜாவின் காதில் ஏதோ சொன்னாள். ராஜாவுக்கு விளையாட்டு என்றால் உயிர். உடனே திரைக்குப் பின்னால் போனான்.

"கச்சையைக் கழற்றுங்கள், மகாராஜா. அதிலுள்ள மணி கலகலக்கிறது. காட்டிக்கொடுத்துவிடும்," என்று கிசுகிசுத்தாள் உலகம்மை.

கொக்கி விட்டது. ராஜா நெடுமூச்சு விட்டான்.

பெண்களுக்கு இடக்கையில் நாடி பார்ப்பது வழக்கம். பட்டுத்துணி சுற்றி, நூலில் கோத்த கண்ணாடி வளையல்களைக் கட்டிய இடக்கை ஒன்று முதலில் வெளியே நீண்டது.

"அந்தப்புரத்திலிருந்து," என்றாள் உலகம்மை. "நெஞ்சுக்குழியில் எரிச்சல், சாப்பிட்டதும் குத்தல், புளித்த ஏப்பம்."

பண்டிதரின் பார்வை வளையலைத் தாண்டவேயில்லை. "மாமியார்மேல் கோபம் வயிற்றில் இறங்கியிருக்கிறது. நாலு நாள் யாரும் கண்டுகொள்ளாமல் விட்டால் போய்விடும்."

திரைக்குள் ஓர் உறுமல். உலகம்மை இருமி மறைத்தாள்.

அடுத்து சேறு பூசிய வலக்கை. "வயல்வேலைக்காரர். நெஞ்சுக்குழியில் எரிச்சல், சாப்பிட்டதும் குத்தல், புளித்த ஏப்பம்."

"சோம்பேறி! ஓசிச் சோறு என்றால் கழுத்துவரை அடைப்பவன். பட்டினி போட்டு ஏர் பிடிக்கச் சொல்லுங்கள்."

"என்னது?" என்றது திரை. உலகம்மைக்கு மறுபடி இருமல்.

கடைசியாக, கழுவித் துடைத்து முத்திரை மோதிரம் போட்ட கை வந்தது. பண்டிதர் குப்புற விழுந்து கும்பிட்டார். பிறகுதான் நாடி பிடித்தார். "ஐயையோ! விஷம் ஏறிவிட்டது. எம் பெருமான் இந்நேரம் வலியால் துடித்துக்கொண்டிருப்பார்!"

திரை சரேலென்று விலகியது. பூபதிராயன் ஒரு கையில் முறுக்கோடு நின்றான். "வலி நின்று வெகுநேரமாகிறது, பண்டிதரே. மாமியார்மேல் கோபப்பட்டவன் நான். ஓசிச் சோற்றுக்காரனும் நான்தான்!"

பண்டிதர் மறுபடி குப்புற விழுந்தார்.

"அமைச்சரே, அப்படியானால் என் வலி எங்கே போயிற்று?"

"மகாராஜா, குளிக்கும்போது பாடுகிறீர்கள், சபையில் முனகுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் கட்டியது என்ன, இப்போது கழற்றியது என்ன?" அவள் கச்சையைத் தூக்கிக் காட்டினாள். "பொன் நீளாது. வயிறு வளரும். நேராகச் சொல்லியிருந்தால் என்னையும் யானைக்கு அனுப்பியிருப்பீர்கள்."

சபை மூச்சைப் பிடித்தது. ராஜா தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான், தட்டினான். இடிஇடியென்று சிரித்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் சிரித்தார்கள்.

"காத்தாயியை அழைத்து வாருங்கள்! அவளுக்குப் பொற்காப்பு, அமைச்சருக்குப் பட்டத்து யானை. ஏறி வர மட்டும்! பண்டிதருக்கு இந்தக் கச்சை. கட்டிவிட்டு, காத்தாயி கையால் முழு விருந்து பரிமாறுங்கள்."

பாயசத்துக்கு முன்பே பண்டிதரின் கண் பிதுங்கியது.

"என்ன ஐயா, தாய்வீட்டு நினைப்பா?" என்று குனிந்து கேட்டாள் உலகம்மை.

"தளர்த்தச் சொல்லுங்கள் தாயே!"

"அரசியாருக்கு?" என்றான் ராஜா திடீரென்று. "அவள் கச்சை கட்டுவதில்லையே. அவளுக்கு ஏன் வலிக்கிறது?"

"அதை நான் சொல்லக் கூடாது, மகாராஜா. யாரும் இதுவரை அவரைக் கேட்டதில்லை."

ராஜா அப்போதே அந்தப்புரத்துக்கு நடந்தான். "உனக்கு எதனால் வலிக்கிறது?" என்று அரசியைக் கேட்டான். "நீங்கள் விருந்து முடித்து எழும்வரை நான் சாப்பிடக் கூடாது என்று வழக்கம். காலையிலிருந்து வெறும் வயிறு எரிகிறது."

அன்று மாலை மடைப்பள்ளிக்கு ஓர் ஆணை வந்தது: இனி ராஜாவுக்கு இலை போடும்போதே அரசிக்கும் இலை போட வேண்டும். காத்தாயி இரண்டு இலைகளிலும் நெய்யைத் தாராளமாக விட்டாள்; கேட்க யாரும் இல்லை, கச்சைதான் பண்டிதர் வீட்டுக்குப் போய்விட்டதே!