அசையாத கூரை

நாச்சிமுத்து போட்ட கூரை ஒழுகிவிட்டது.

பெருந்துறை ரோட்டில் ஒரு மஞ்சள் குடோன். முகட்டிலிருந்து கீழ்விளிம்பு வரை நூறடிக்கு ஒட்டே இல்லாத இரும்புத் தகடுகள், பக்கம் பக்கமாகப் பிணைத்துப் போட்ட கூரை. போன வருஷம் ஒரு சொட்டு இறங்கவில்லை. இந்த வருஷம் முதல் கோடை மழைக்கே விளிம்போரம் அடுக்கியிருந்த மூட்டைகள் நனைந்துபோயின.

மண்டிக்காரர் குப்புராஜ் சத்தம் போடவில்லை. "இன்னொரு மழைக்கு ஒழுகுச்சுன்னா, பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போயிருங்க" என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

நாச்சிமுத்து தனியாக எடுத்துச் செய்த முதல் கூரை அது. அதைப் பிரித்தால் இரண்டாவது கூரைக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். விளிம்போரம் இன்னொரு வரிசை ஸ்க்ரூ அடித்தார். மேலே பசை பூசினார். அப்படியும் மனசு கேட்காமல் சுகுணாவைத் தேடிப் போனார்.

சுகுணாதான் அவருக்குத் தகட்டுக்கூரை வேலை கற்றுக்கொடுத்தவர். வயதில் பத்துப் பன்னிரண்டு வருஷம் சின்னவர். கல்யாண வீட்டில் பார்த்தால் "வா அம்மிணி" என்பார் நாச்சிமுத்து. கூரை வேலை என்று வந்துவிட்டால் "வாங்க அம்மிணி"தான். அந்த 'ங்க' ஒருநாளும் தவறியதில்லை.

"ஒரு கூரை ரொம்பக் காலம் நிக்கோணும்னா, எப்படிப் புடிச்சுக் கட்டோணுங்க அம்மிணி? அதை மட்டும் சொல்லுங்க."

"நாளைக்கு வெயில் ஏறதுக்குள்ள குடோனுக்கு வந்துருங்கண்ணா. ஒரு பென்சில் கொண்டாங்க."

அந்தக் குடோனுக்குப் பக்கத்தில் இன்னொரு குடோன். அதன் கூரை சுகுணா போட்டது. அதே நீளம், அதே தகடு, வயசு மட்டும் கூட. இரண்டிலும் கீழ்விளிம்பு எங்கே முடிகிறதோ, அதற்கு நேர் கீழே இருந்த இரும்புச் சட்டத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னார் சுகுணா. பிறகு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். நாச்சிமுத்துவால் உட்கார முடியவில்லை. மூன்று டீ குடித்தார்.

உச்சி வெயிலில் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். சுகுணாவின் கூரை கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே வந்திருந்தது. நாச்சிமுத்துவின் கூரை கோட்டிலேயே நின்றது.

நாச்சிமுத்துவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா அம்மிணி! உங்க கூரை நகந்துபோச்சு. என்ற கூரை அப்படியே நிக்குது!"

"ஆமாங்கண்ணா. நிக்குது."

"என்ற புடி அப்படிங்க."

"மேல வாங்க."

ஏணியில் ஏறினார்கள். தகடு கால் வைக்க முடியாமல் கொதித்தது. விளிம்புக்குச் சற்று மேலே அது வயிறு புடைத்தாற்போல் எழும்பி நின்றது. பழைய ஸ்க்ரூக்களைச் சுற்றித் தகடு கிழிந்து ஓட்டைகள் நீண்டிருந்தன. புதிதாக அடித்த வரிசையிலும் ஒன்று அதற்குள் சாய்ந்துவிட்டது. நாச்சிமுத்துவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"வெயிலுக்குத் தகடு நீளும். முகட்டுப் பக்கம் போகுமுங்களா?" என்றார் சுகுணா.

"அங்க கெட்டியாப் புடிச்சிருக்குதுங்க. போகாது."

"இந்தப் பக்கம்?"

நாச்சிமுத்துவின் பார்வை ஸ்க்ரூ வரிசைக்குப் போனது.

"இந்தப் பக்கம் ஸ்க்ரூ அடிக்கோணும்னு நான் சொல்லிக் குடுத்தனாங்கண்ணா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் அடிச்சீங்க?"



"எங்க தறி ஷெட்டுல ஒருக்கா ஆடிக்காத்துக்கு மூலைத் தகடு பிச்சுக்கிட்டுப் பறந்துச்சுங்க. என்ற தம்பி கால்மேலதான் வந்து விழுந்துச்சு. இன்னைக்கும் நொண்டித்தான் நடக்கறான். விளிம்பு சும்மா கெடக்குதுன்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வராதுங்க அம்மிணி."

சுகுணாவுக்கு இது புதுச் சேதி. இத்தனை நாள் கூடவே வேலை பார்த்தவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுகுணா தாமே ஸ்பேனரை எடுத்து, முதல் தகட்டின் விளிம்பில் இருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசி ஸ்க்ரூ கழன்றதும் டங்கென்று ஒரு சத்தம். தகடு வெளியே நகர்ந்து, புடைப்பு அடங்கிப் படுத்தது.

நாச்சிமுத்து பதறிப்போனார். "ஐயோ, போகுதுங்க!"

"போயிருச்சுங்கண்ணா. இனிப் போகாது." கடப்பாரையை நீட்டினார். "விளிம்புக்கு அடியில குடுத்துத் தூக்குங்க."

நாச்சிமுத்து தூக்கினார். தம்பியின் காலை நினைத்துக்கொண்டோ என்னவோ, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். அடியிலிருந்த இரும்புச் சட்டம் முனகியது. தகடு எழும்பவில்லை. சட்டத்துக்குச் சட்டம் கிளிப்புகள் தகட்டின் மடிப்புக்குள் புகுந்து அதைக் கவ்வியிருந்தன. மேலே எழும்ப விடாது. நீளவாட்டில் நகர விடும். அந்தக் கிளிப்புகளைப் போட்டதும் நாச்சிமுத்துதான்.

"இதெல்லாம் எதுக்குப் போட்டீங்க?"

"நீங்க போடச் சொன்னீங்க."

"நம்பிப் போடலையாக்கும்."

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் நாச்சிமுத்து கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். தகடு தகடாக விளிம்பு ஸ்க்ரூக்களைக் கழற்றிக்கொண்டே போனார்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுத்துண்டு வைத்து, தகட்டோடு மட்டும் சேர்த்து, கீழ்ச்சட்டத்தைத் தொடாமல் அடைத்தார்கள். கை பொத்துப்போனவர்கள் துணியைச் சுற்றிக்கொண்டார்கள். கீழே குப்புராஜ் வந்து நின்று, அண்ணாந்து பார்த்து என்னவென்று கேட்டார். யாரும் அவருக்குப் பதில் சொல்ல நிற்கவில்லை.

மூலைத் தகட்டின் முறை வந்தது. காற்று முதலில் கை வைக்கும் இடம்.

"மூலைக்குக் கிளிப்பு நெருக்கிப் போட்டீங்கதானே?" என்றார் சுகுணா.

"நீங்க சொன்னதுக்கு மேலயே போட்டிருக்குதுங்க."

அந்த விளிம்பின் ஸ்க்ரூக்களும் கழன்றன. ஒன்றுதான் பாக்கி. மழைக்காற்று ஈர வாசனையோடு கூரைமேல் ஏறியது. நாச்சிமுத்துவின் கை ஸ்பேனரோடு நின்றுவிட்டது.

"அம்மிணி, இந்த ஒண்ணு மட்டும் இருக்கட்டுங்க. மூலையில்லீங்களா... மனசுக்கு ஒரு தைரியம்."

சுகுணா அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"ரெண்டு வரிசை சேந்து தாங்கல. இந்த ஒண்ணு தனியாத் தாங்குமுங்களாண்ணா?"

நாச்சிமுத்து ஸ்பேனரைத் திருகினார்; கடைசி ஸ்க்ரூவும் கழன்றது.